மற்றவை ஒன்பது சதவீதம்

"யாரோ மூணு சதவீதத்தை முழுங்கிட்டு உக்காந்திருக்கான்க்கா. கூடிய சீக்கிரம் வயித்துவலி வரும் பாரு அவனுக்கு."

முந்தாநாள் மதியம் சாப்பிடும்போது அக்காவிடம் வால் அடித்த ஜோக் இது. அக்கா சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் சிரித்து ஒன்றரை வருஷம் ஆகிறது என்பதால் வாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வால் என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஓர் இடத்தில் சும்மா இருக்கத் தெரியாததால் அவனுடைய முதலாளியம்மா வைத்தது. அந்த அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் தராசு. முப்பது வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதித்த ஆய்வாளர். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். திருட்டு எடைக்கல்லுக்கும் திருட்டு மனிதனுக்கும் பெரிய வித்தியாசமில்லை, இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

இப்போது கையில் இருக்கும் வழக்கு, மலிவு விலைக் கம்ப்யூட்டர் வழக்கு. அந்த வியாபாரத்தில் கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. அட்டைப்பெட்டியின் நிறம்தான் பெயர். சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் பெரிய கைகள். நாலாவது, பச்சை. பச்சைக்காரர்தான் இவர்களுடைய கட்சிக்காரர்.

"என் ஷெட்லேர்ந்து வெளிய போற பெட்டியை வெச்சுப் பார்த்தா நூத்துக்கு ஏழு வரணும் மேடம்," என்றார் அவர், வந்த அன்றைக்கு. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை சந்தைப் பங்கு அறிக்கை வருதே, அதுல நாலுதான் இருக்கு. அறிக்கையில அஞ்சுக்கு மேல இருந்தாத்தான் பள்ளிக்கூடங்களுக்கு சப்ளை பண்ற பட்டியல்ல பேர் வரும். வியாழக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணியோட பட்டியல் முடியுது. அது கிடைக்கலேன்னா ஷெட்டை மூடவேண்டியதுதான். முப்பத்தெட்டு பொம்பளைங்க வேலை பாக்கறாங்க மேடம். அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

இன்றைக்கு வியாழக்கிழமை. காலை மணி பதினொன்று.

அறிக்கையைத் தயாரிப்பது ஒரு கணக்கெடுப்பு நிறுவனம். முந்நூறு கடைகளுக்கு ஆள் அனுப்பி, எந்தப் பெட்டி எத்தனை விற்றது என்று படிவம் எழுதி வாங்கிவருவார்கள். அந்தப் படிவங்களைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற மேஜை ஒன்று உண்டு. அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவள் வாலின் அக்கா.

"நமக்கு வேலை சுலபம் மேடம்," என்றான் வால், மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டே. "எங்க அக்கா ஒரு கமாவை இடம் மாத்தி வெச்சாக்கூட தூங்கமாட்டா. சிவப்புப் பெட்டிக்காரன் யாருக்கு என்ன குடுத்தான்னு அவளே கண்டுபிடிச்சு வெச்சிருப்பா."

தராசு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் நின்றார். மூச்சு வாங்கியதால் என்று வால் நினைத்துக்கொண்டான்.

நிறுவனத்தின் மேலாளர் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார். அக்கா நாற்காலி எடுத்துப் போட்டாள். அவள் மேஜைமேல் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது, நெற்றியில் மஞ்சள் ஸ்டிக்கரோடு. ஆபீஸ் கொடுத்த புதுக் கம்ப்யூட்டர் பிரிக்காத பெட்டியில் மேஜைக்கு அடியில் கிடந்தது. வால் அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"காலை எடுடா."

"நீதான் அதைப் பிரிக்கவே மாட்டேங்கறியே. காலாவது வெச்சுக்கறேனே."

அக்கா அறிக்கையை நீட்டினாள். சிவப்பு நாற்பத்தொன்று. நீலம் இருபத்தொன்பது. வெள்ளை பதினேழு. பச்சை நாலு. மற்றவை ஒன்பது. கூட்டினால் நூறு. பார்ப்பதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தராசின் விரல் கடைசி வரியில் நின்றது.

"மற்றவைன்னு ஒண்ணு இருக்கே, அது யாருங்கம்மா?"

"சின்னச் சின்னக் கம்பெனிங்க மேடம். தனித்தனியா போட்டா படிக்கறவங்களுக்குக் குழப்பம். அதான் ஒண்ணா சேர்த்து..."

"கல்யாணப் பத்திரிகையில என்னைப் போடற மாதிரி," என்றான் வால். "மற்றும் சுற்றமும் நட்பும்."

"அதைப் பிரிச்சுக் காட்ட முடியுமா?"

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, "முடியும் மேடம்," என்றாள். பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. அதை எடுத்த அக்கா உடனே கொடுக்கவில்லை, மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஆறு வரிகள். ஒன்று, ஒன்று, இரண்டு. நாலாவது வரியில் வாலின் கண் குத்திட்டு நின்றது. மஞ்சள், மூன்று.

மஞ்சள் பெட்டி அவனுடைய அத்தானின் கம்பெனி. அக்காவின் கணவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்குகிற விலையில் கம்ப்யூட்டர் செய்யப்போகிறேன் என்று வாடகை ஷெட்டில் ஆறு பேரை வைத்து ஆரம்பித்தவர். இருட்டுக் கடையில்கூடக் கண்ணில் படவேண்டும் என்று மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அக்கா. ஒருநாள் காலையில் டீ குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அந்த மாதமே கம்பெனியை மூடி, மிச்சம் மீதியை ஒரு புரோக்கர் மூலமாகத் தள்ளிவிட்டார்கள்.

"அக்கா, இது நம்ம அத்தானோடது."

"ம்."

"மூடி ஒன்றரை வருஷம் ஆச்சே."

"பழைய சரக்கு ஏதாவது கடைங்கள்ல கிடக்கும்டா. அவங்க எழுதிக் குடுக்கறதைத்தான் நாங்க ஏத்தறோம்."

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதே தாள், இதுக்கு முந்தின அஞ்சு தடவைக்கும் கிடைக்குமாம்மா?"

கிடைத்தது. தராசு பார்த்தார், மடித்தார், பைக்குள் வைத்தார். அவ்வளவுதான். படியிறங்கும்போது வால் இரண்டு படிக்கு ஒருமுறை நின்றான். பழைய சரக்கு ஒன்றரை வருஷமா விற்கும் என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாம் போலவும் இருந்தது.

"அடுத்து எங்க மேடம்?"

"பச்சைக்காரர் ஷெட்டுக்கு. பெட்டியைப் பாக்கணும்."

ஷெட்டில் வரிசையாக மேஜைகள் போட்டிருந்தார்கள். ஒருத்தி ஸ்க்ரூ முடுக்குவாள், அடுத்தவள் ஒயரைச் சொருகுவாள், அதற்கடுத்தவள் திரையை எரியவிட்டுப் பார்ப்பாள். இவர்கள் உள்ளே நுழைந்ததும் எல்லாக் கைகளும் ஒரு நொடி நின்று மறுபடி ஓடின. அஞ்சு மணி விஷயம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

வால் மேஜைகளைப் பார்த்தான். அவற்றின் கால்களில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது.

"இந்த மேஜைங்க எங்க வாங்கினீங்க சார்?"

"செகண்ட்ஹேண்ட். ஒரு கம்பெனி மூடினாங்க. அந்தாளு பாவம், திடீர்னு போயிட்டாரு. மேஜை, மிஷின், காலிப் பெட்டி, எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிட்டேன்."

"காலிப் பெட்டியா?"

"மஞ்சள் பெட்டி. நல்ல கனமான அட்டை, தூக்கிப்போட மனசு வரலை. மேல நம்ம பச்சை ஸ்டிக்கரை ஒட்டி அதுலயே அனுப்பிட்டோம்."

வாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயும் கூடவே வந்தது.

"மேடம், முடிஞ்சுபோச்சு. உள்ள இருக்கறது பச்சை, வெளிய இருக்கறது மஞ்சள். கடைக்காரனுக்கு ஸ்டிக்கரைப் படிக்கவா நேரம்? பெட்டி நிறத்தைப் பார்த்து மஞ்சள்னு எழுதிட்டான். அந்த மூணும் இந்த நாலும் ஏழு. திருடனே இல்லாத திருட்டு மேடம் இது. நம்ம கட்சிக்காரர் தன் பாக்கெட்டைத் தானே அடிச்சிருக்கார். ஃபீஸை ரெண்டு பக்கமும் வாங்கலாம்."

பச்சைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். வால் அவர் தோளைத் தட்டினான். அக்கா சொன்னது சரிதான், கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் ஏற்றினாள். இதைச் சொல்லி அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஜோக்கைக்கூடத் தயார்செய்தான்.

தராசு மட்டும் மூலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனார்.

"மஞ்சள் பெட்டி மொத்தம் எத்தனை இருந்துதும்மா?"

"அறுநூறு சொச்சம். நான்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன்."

"இன்னும் இருக்கா?"

"எங்கங்க. எடுத்த ரெண்டாவது மாசமே தீர்ந்துபோச்சு. கடைசிப் பெட்டியை நான் வீட்டுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனேன். என் பொண்ணு அதுலதான் பொம்மையெல்லாம் போட்டு வெச்சிருக்கா. அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன், இந்த வேலை இருந்தா." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் பசை பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தராசு வாலை வெளியே வரச்சொன்னார். ஸ்கூட்டர் சீட்டின்மேல் ஆறு தாள்களையும் வரிசையாக வைத்தார்.

"மஞ்சளை மட்டும் படி."

"மூணு. மூணு. மூணு." வாலின் குரல் இறங்கியது. "மூணு, மூணு, மூணு."

"சிவப்பு முப்பத்தெட்டுலேர்ந்து நாப்பத்தொண்ணுக்கு வந்திருக்கு. வெள்ளை இருபதுலேர்ந்து பதினேழுக்கு இறங்கியிருக்கு. நான் முப்பது வருஷம் எடை பார்த்தவ. உயிரோட இருக்கறது எதுவும் ஆறு தடவை நிறுத்தா ஒரே எடை காட்டாது, வால். ஏறும், இல்லேன்னா இறங்கும்."

வால் ஆறு தாள்களிலும் மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தான்.

"முதல் தடவை வந்த மூணு, நீ சொன்ன மாதிரி பெட்டியால வந்தது. மீதி அஞ்சுக்கும் பெட்டி இல்லை." பையிலிருந்து வேறு மூன்று தாள்களை எடுத்தார். கார்பன் வைத்து எழுதிய, மை மங்கிய கடைப் படிவங்கள். "இதெல்லாம் போன தடவை கடைக்காரங்ககிட்டயே தங்கின நகல். காலையில நீ ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போடப் போனப்ப மூணு கடையில வாங்கினேன். மஞ்சள்ங்கற வார்த்தையே இதுல இல்லை. மூணுலயும் பச்சைதான் இருக்கு."

"அப்ப காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா?"

"மஞ்சள்னு தெரியாது. படிவம் ஏத்தற மேஜைன்னு தெரியும். கடையிலேர்ந்து சரியாப் போன எண்ணிக்கை ஆபீஸுக்குள்ளதான் மாறுது. அங்க படிவத்தைத் தொடற கை ஒண்ணுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உன் அக்கா. நான் சொல்லி நீ தெரிஞ்சுக்கறது சரியில்லைன்னு தோணிச்சு."

வால் ஸ்கூட்டரைக் கிளப்பப் பார்த்தான். உதைத்தான், உதைத்தான், கிளம்பவில்லை. சாவியைப் போடவே மறந்திருந்தான். இரண்டு நாளுக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் அடித்த ஜோக் வழியெல்லாம் கூடவே வந்தது. முழுங்கினவனுக்கு வயிற்றுவலி வரும் என்று யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்.

மூன்றரை மணிக்கு அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். மேஜை துடைத்து வைத்திருந்தது. அவளுடைய கைப்பை மடியில் இருந்தது. இவர்களுக்காகத்தான் காத்திருந்தாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"முதல் தடவை நான் எதுவும் பண்ணலை மேடம்," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "கடைக்காரங்கதான் மஞ்சள்னு எழுதியிருந்தாங்க. ஆனா அது பச்சைன்னு எனக்குத் தெரியும். பெட்டியையெல்லாம் வித்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டவளே நான்தானே. கடைக்கெல்லாம் ஃபோன் பண்ணித் திருத்தியிருக்கணும். என் வேலையே அதுதான்."

"ஏன் பண்ணலை?" தராசின் குரலில் அதட்டல் இல்லை.

"அவர் போயி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. வீட்டுல அவர் பேரைச் சொன்னா எல்லாரும் பேச்சை மாத்திடுவாங்க. இவன் ஜோக் அடிச்சு மாத்திடுவான்." அக்கா தம்பியைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கு படிவத்தைப் பிரிக்கறேன், நாப்பது கடைக்காரங்க அவங்க கையால மஞ்சள், மஞ்சள்னு எழுதியிருக்காங்க. அவர் எங்கயோ வியாபாரம் பண்ணிட்டிருக்கற மாதிரி இருந்துது. அழிக்க மனசு வரலை."

"அதுக்கப்புறம்?"

"அடுத்த தடவை ஒரு கடையிலயும் மஞ்சள் இல்லை. பூஜ்யம் போடணும். பூஜ்யம் போட்டா இந்த மிஷின் அந்த வரியையே எடுத்துடும் மேடம். அடுத்த பட்டியல்ல அப்படி ஒரு பேர் இருந்ததாவே இருக்காது. நான் விரலை வெச்சுக்கிட்டு சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் மூணுன்னு போட்டேன். ஒரே ஒரு தடவைன்னுதான் நெனச்சேன்."

"பச்சையிலேர்ந்து ஏன் எடுத்தீங்க?"

அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "அவர் மேஜை, அவர் மிஷின், அவர் வாங்கி வெச்ச ஸ்க்ரூ எல்லாம் அங்கதான் போச்சு. அந்தப் பச்சைக்குள்ள இருக்கறது அவர்தானேன்னு தோணிச்சு. அஞ்சுன்னு ஒரு கோடு இருக்குன்னு சத்தியமாத் தெரியாது மேடம். முந்தாநாள் இவன் சொல்லித்தான் தெரியும். முப்பத்தெட்டு பேர்னு சொன்னான். ரெண்டு நாளா மாத்திடலாம் மாத்திடலாம்னு வந்து உக்கார்றேன். கை வரலை."

தராசு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலு அடிக்கப் பத்து நிமிஷம். எடைக்கல்லைச் சோதித்துப் பொய்யென்று கண்டால் எத்தனையோ கடைக்காரர்களை அழவிட்டு முத்திரை குத்திவிட்டுப் போனவர்தான். இன்றைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தத் திருத்தத்தை நானே செஞ்சு மேலாளர்கிட்ட குடுக்க முடியும்மா. ஆனா திருத்தினவங்க பேர் இருக்கற இடத்துல உங்க பேர் இருந்தா நல்லது. ஏமாத்தினவங்க அங்க கையெழுத்துப் போடமாட்டாங்க."

அக்கா தலையாட்டினாள். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்துத் தராசிடம் கொடுத்தாள். ராஜினாமாக் கடிதம், நேற்றைய தேதியிட்டது. பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பழைய கம்ப்யூட்டர் உறுமியது. பச்சை இருந்த கட்டத்தில் நாலை அழித்து ஏழு போட்டாள். அம்புக்குறி இறங்கி மஞ்சளில் வந்து நின்றது. மூன்றை அழித்தாள். கட்டம் காலியாக இருந்தது. அவள் விரல் பூஜ்யத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"டேய், நீ போடேன்."

வாலிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு உண்டு. அத்தான் செத்த அன்றுகூட வந்தவர்களை அழவிடாமல் வாயடித்துக்கொண்டே இருந்தவன். அதனாலேயே அக்காவும் அழாமல் போனாள் என்பது இன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவளுக்கு அவர் பெயரைச் சொல்ல ஓர் இடம் விடாமல் அடைத்து வைத்திருக்கிறான். அவள் அந்தப் பெயரைக் கொண்டுபோய் மூன்று சதவீதத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"அத்தான் டெஸ்ட் பண்ணும்போது ஒவ்வொரு மிஷின்லயும் முதல்ல உன் பேரைத்தான் அடிப்பார்," என்றான். அவன் வாயிலிருந்து ஜோக்கில்லாமல் வந்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். "உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது," என்றாள் அக்கா. அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தப்பு வந்தா உடனே காட்டிக்குடுக்கற பேருன்னு சொல்வார்."

அவன் அவள் கைமேல் தன் கையை வைத்தான். இரண்டு விரல்களும் சேர்ந்துதான் பூஜ்யத்தை அழுத்தின. இந்த வரி நீக்கப்படும், சரியா என்று திரை கேட்டது. சரி என்பதை அக்கா தனியாகவே அழுத்தினாள்.

மஞ்சள் போயிற்று. அதற்குக் கீழே இருந்த வரி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பிரின்டர் புதிய அறிக்கையை எடுத்துக் கொடுத்தது. அக்கா அடியில் கையெழுத்துப் போட்டாள். தராசு அதையும் கவரையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். கதவருகே நின்று, கவரை மட்டும் தன் பைக்குள் போட்டுக்கொண்டதை வால் பார்த்தான். அக்கா பார்க்கவில்லை. அவள் கையில் அறிக்கையின் இன்னொரு பிரதி இருந்தது.

"மொத்தம் சரியா இருக்கான்னு பாருடா," என்று நீட்டினாள்.

நாற்பத்தொன்று, இருபத்தொன்பது, பதினேழு, ஏழு, மற்றவை ஆறு. வால் விரல்விட்டுக் கூட்டினான். அவசரத்தில் தப்பு விட்டிருக்கலாம் என்று இன்னொரு தடவையும் கூட்டினான்.

"நூறு இருக்குக்கா. சரியா இருக்கு."

அக்கா தாளை வாங்கி, உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள்.

"அவர் இல்லாமயே நூறு வருதுடா," என்றாள்.